பேஸ்மென்ட் ஒயரிங் சாமான் வாங்க பி.வி.கே. ஐயங்கார் ரோடு எப்படி?

பெங்களூர் ஆர்.டி. நகரில் எங்கள் வீட்டுக்கு அடியில் சும்மா கிடந்த பேஸ்மென்டைத் தையல் அறையாக்கிக் கொண்டிருக்கிறோம். சுவர், தரை, பைப் பதிப்பது எல்லாம் நானும் என் கணவரும்தான். டிபி பாக்ஸ் (கரன்ட்டைப் பல லைனாகப் பிரிக்கிற பெட்டி) இணைப்பு மட்டும் லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் வேலை. பெஸ்காமில் (பெங்களூர் மின் விநியோக நிறுவனம்) கூடுதல் லோடு வாங்கவும் அவர் வேண்டும். ஒயரிங் பிளானும் சாமானும் என் பொறுப்பு. பிளானைத் தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்து பெங்களூரில் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டை விட நல்ல இடம் கிடையாது.

நான் வாங்கிய கடை ஒற்றை ஷட்டர் கடை. கல்லாவில் இருந்த பெரியவர் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். ரெண்டரை எம்.எம். (கடை வழக்கு; செம்பின் குறுக்குவெட்டு 2.5 சதுர மி.மீ.) ஒயர் விலை கேட்டதுமே, "டிராயிங் இருக்காம்மா?" என்றார். கட்டம் போட்ட தாளை நீட்டினேன். காதில் இருந்த பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் பக்கத்தில் வாட் எழுதச் சொன்னார். என் ஸ்டீம் அயர்ன் 2000 வாட்; 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் அதற்கு ஆகாது. 16 ஆம்பியர் பாயின்ட், ரெண்டரை எம்.எம். ஒயர், தனி எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) என்று அவரே குறித்தார். லைட்டுக்கு ஒன்றரை எம்.எம். போதும், ஆனால் லைட்டை இரண்டு சர்க்யூட்டாகப் பிரிக்கச் சொன்னார். ஜன்னல் இல்லாத அறையில் ஒரு எம்.சி.பி. விழுந்தால் மொத்தமும் இருட்டாகிவிடும், அதுவும் ஓடுகிற மிஷினுக்கு முன்னால் விரல் இருக்கும்போது.

அதிக நேரம் போனது ஆர்சிசிபி விஷயத்தில்தான். எம்.சி.பி. ஓவர்லோடையும் ஷார்ட்டையும் பார்க்கும், ஆளுக்கு ஷாக் அடிப்பதை அது கவனிக்காது. ஆர்சிசிபி போகிற கரன்ட்டையும் திரும்பி வருகிற கரன்ட்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், அதாவது எங்கோ கசிகிறது என்றால், லைனை வெட்டிவிடும். ஆனால் ஓவர்லோடு அதற்குத் தெரியாது, அதனால் இரண்டும் வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் சுவர், ஈரம், வெறுங்காலோடு மிஷின் பெடலை மிதிக்கும் பெண்கள் என்று இருக்கிற இடத்தில் இந்தச் செலவைக் குறைக்கவே கூடாது. பெரியவர் ஒரு ஆர்சிசிபியைக் கவுன்டரில் இருந்த டெஸ்ட் போர்டில் மாட்டி, கரன்ட் கொடுத்து, 'டி' என்று எழுதிய பட்டனை அழுத்தினார். டக்கென்று லீவர் கீழே விழுந்தது. "மாசா மாசம் இப்படி அழுத்திப் பாருங்க" என்றார்.

பேஸ்மென்டில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்பும் என் பிளானில் மற்றவற்றோடு ஒரே ஆர்சிசிபியில் தொங்கியது; அதையும் அவர்தான் தனியாகப் பிரித்தார். மழைநீர் உள்ளே வருகிற நேரத்தில் அயர்ன் பாக்ஸில் கசிவு என்று ஆர்சிசிபி விழுந்தால் பம்பும் சேர்ந்து நின்றுவிடும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் பேஸ்மென்ட்டுகளில் தண்ணீர் நின்றதைப் பார்த்த ஊர் இது. பம்புக்கு வேறு ஆர்சிசிபி, வேறு லைன். அப்புறம் ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் தனி நியூட்ரல் பார் (கரன்ட் திரும்பி வரும் ஒயர்களைச் சேர்க்கும் பட்டை) கட்டாயம். ஒன்றின் நியூட்ரலை இன்னொன்றில் சேர்த்தால், எந்தக் கோளாறும் இல்லாமலே ட்ரிப் ஆகிக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டர் லைன் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். பிளக் பாயின்ட்டுகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, பைப்பை மேலிருந்து கீழே இறக்கும்படி நான் போட்டிருந்ததைப் பார்த்து, "இது சரி" என்று டிக் அடித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எல்லாக் கடையும் இப்படி இல்லை. அதே ரோட்டில் வேறொரு கடையில் பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்றார்கள். அங்கே காட்டிய ஒயர் காயிலை (சுருள்) வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல ஒயரில் கம்பெனி பெயர், சைஸ், வோல்ட் அளவு, ஒயருக்கான தர எண் ஐ.எஸ். 694, ஐ.எஸ்.ஐ. முத்திரை எல்லாம் ஒயர் நெடுகத் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். இதில் சைஸ் மட்டும்தான் இருந்தது, அதுவும் நகம் பட்டதும் அழிந்தது. வாங்காமல் வந்துவிட்டேன். சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் நம்பரை, ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுக்கும் பி.ஐ.எஸ். அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும். கடைக்காரர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

ஸ்விட்ச், பிளேட் எல்லாம் இங்கே கொட்டிக் கிடக்கிறது. விலை பேசலாம். துணியின் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பவர்கள் டியூப் லைட்டை எரியவிட்டு, கீழே நூல்கண்டு வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

கார் எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது. சிக்பேட் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நிறையக் கடைகள் மூடியிருக்கும். 90 மீட்டர் ரெண்டரை எம்.எம். காயில் ஒன்றில் செம்பு மட்டுமே 2 கிலோ; நாலைந்து வாங்கினால் தூக்கிக்கொண்டு மெட்ரோ ஏற முடியாது, ஆட்டோதான். பிரிக்காத காயிலைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக பெரியவர் பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். மற்ற கடைகளில் பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.