பஸ்ஸில் போய் மலையேறிய பத்தாண்டுகள்: மதுரையிலிருந்து ஓர் அனுபவம்

2013இல் மலை நடையைத் தொடங்கியபோது என்னிடம் வண்டி இல்லை. அதனால் பஸ்ஸில் போனேன். இன்று நண்பர்கள் காரில் அழைத்தாலும், "மலைக்கு என்றால் பஸ்ஸிலேயே போகலாம்" என்று சொல்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறுமலை, சதுரகிரி, பழனி மலை, போடி மலை என்று இப்படியே போய் வந்திருக்கிறேன். இதில் என்ன கிடைக்கிறது, எங்கே கால் வாருகிறது என்று புதிதாகக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

காரில் போனால் நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டும். பாதி தூரம் ஏறி, பார்த்த பாதையிலேயே இறங்க வேண்டும். பஸ்ஸில் போகிறவருக்கு அந்தக் கட்டு கிடையாது. மலையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கலாம். இந்த ஒன்றுக்காகவே நான் மற்றத் தொல்லைகளையெல்லாம் பொறுத்துக்கொள்கிறேன்.

இதற்கு நான் முதலில் சொல்வது கொடைக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதையைத்தான். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிய காலத்தில் மலைச்சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தும், ஆட்கள் தூக்கிச் சுமந்தும்தான் மேலே போனார்கள். அந்தப் பக்கத்துச் சரிவில் நடக்கும்போது பஸ் இல்லாத காலத்து மலை எப்படி இருந்திருக்கும் என்று கால்களுக்குத் தெரிந்துவிடும்.

முந்தின நாளே ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறி, இரவு மேலே தங்கினோம். வனத்துறையிடம் அனுமதி பெற்று, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, விடிந்ததும் வட்டக்கானல் போய் இறங்கத் தொடங்கினோம். டால்ஃபின் நோஸ் பாறை வரை கூட்டம் இருந்தது. அதைத் தாண்டியதும் பேச்சுக்குரல் நின்று, வேர்கள் படிக்கட்டாய்க் கிடக்கும் பாதை தொடங்கியது. வெள்ளகவி எல்லையில் எங்களோடு வந்த அண்ணன் நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஊர் முழுவதும் சாமி இருக்கும் இடம். உள்ளே யாரும் காலணி போட்டு நடப்பதில்லை. நாங்களும் ஷூவைக் கழற்றினோம். காட்டுப்பாதையில் அத்தனை நேரம் நடந்த பிறகு குளிர்ந்த மண்ணில் வெறுங்காலோடு தெருவைக் கடந்ததை இன்னும் என் பாதம் நினைவில் வைத்திருக்கிறது. ஒரு வீட்டுத் திண்ணையில் கடுங்காப்பி கொடுத்தார்கள். காப்பி, ஆரஞ்சு, மிளகு எல்லாம் அங்கிருந்து கோவேறு கழுதை மேல்தான் போகும் என்றார் அண்ணன்.

அதற்குக் கீழே காடு மாறுகிறது. சோலையின் ஈரம் போய், காய்ந்த புல்லும் வெக்கையும் வரும். ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை ஒரே நாளில் இறங்குவது முழங்காலுக்குப் பெரிய சோதனை. மறுநாள் வீட்டு மாடிப்படியில் இறங்க முடியவில்லை. மூங்கில் கழி ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் கும்பக்கரை அருவித் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பெரியகுளம் பஸ்ஸில் ஏறி, கிளம்பிய மலையை ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தபோது, அத்தனை உயரத்தையும் நாங்களே இறங்கி வந்தோமா என்று மலைத்துப்போனேன்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கம்: நடை சமவெளியில் முடிய வேண்டும். மலைமேல் சாயங்காலம் ஒரு பஸ் போனால் அடுத்தது காலையில்தான். அடிவாரத்துக்கு வந்துவிட்டால் பெரியகுளமோ போடியோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, எட்டு மணிக்கும் மதுரை பஸ் கிடைக்கும்.

இந்த வழக்கத்தை மீறி ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு மலைக்கிராமத்தில் ஐந்தரை மணிக் கடைசி பஸ்ஸை நம்பி நானும் தோழியும் நின்றோம். மழை. ஏழு மணி ஆயிற்று. தேநீர்க் கடை அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வராது தாயி, எங்கேயாவது மரம் விழுந்திருக்கும். உள்ளே வாங்க" என்று கூப்பிட்டார். மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துக் கொடுத்தார். சோற்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இரவெல்லாம் தகர ஓட்டில் மழை. அதன் பிறகு எந்த மலைக்குப் போனாலும் ஏறும்போதே கண்டக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுவேன். கடைசி பஸ் எப்போது? இரவில் ஊரிலேயே நின்று விடியற்காலையில் கிளம்பும் ஹால்ட் பஸ் உண்டா? இரண்டாவது கேள்விக்கு "உண்டு" என்று பதில் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கண்டக்டரும் பக்கத்து இருக்கைக்காரரும் சொல்வதைவிட நல்ல தகவல் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். அந்த பஸ்ஸில் காலையில் ஏறினால் சந்தைக்குப் போய்த் திரும்பும் மலைக்காரர்கள்தான் கூட வருவார்கள். எந்த ஓடையில் தண்ணீர் நிற்கிறது, நேற்று காட்டுமாடு எந்தத் தோட்டத்தில் புகுந்தது, எந்த ஒற்றையடிப் பாதை புதர் மண்டிக் கிடக்கிறது என்று பலாப்பழ விலைக்கு நடுவே எல்லாம் வந்து விழும். ஒருமுறை, "அந்தப் பக்கம் குட்டியோடு மாடு நிற்கிறது, இன்றைக்குப் போகாதீர்கள்" என்று ஒரு பெரியவர் தடுத்தார். நாங்கள் திட்டத்தை மாற்றி, குதிரைகள் வாழைத்தார் சுமந்து வரும் பாதையில் நடந்துவிட்டுத் திரும்பினோம்.

சதுரகிரியைப் பற்றி என் கருத்து கலவையானது. வத்திராயிருப்பு வந்து தாணிப்பாறை அடிவாரத்தில் இறங்கினால் வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பர் என்று பெயர்களைப் பிடித்துக்கொண்டே ஏறிவிடலாம், வழி தப்பாது. 1988இல் இந்தக் காட்டைச் சாம்பல் நிற மலை அணிலுக்கான சரணாலயம் ஆக்கினார்கள், 2021இல் புலிகள் காப்பகமும் ஆனது. ஓடையோரம் தலைக்கு மேல் கிளைகள் கோத்த இடத்தில் பொறுமையாக நின்றால் அணிலைப் பார்க்கலாம். ஆனால் அமாவாசைக் கூட்டத்தில் அந்தப் பொறுமைக்கு இடமே இல்லை. பஸ்ஸிலும் நின்றுகொண்டே போக வேண்டும், பாதையிலும் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். 2015 மே மாதம் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போன ஓடைகள் இவை. வானம் இருண்டால் சாமி தரிசனத்தையும் விட்டுவிட்டு இறங்கிவிடுங்கள்.

போடியிலிருந்து குரங்கணி பஸ்ஸில் போய், டாப் ஸ்டேஷன் ஏறி, கேரள பஸ்ஸில் மூணாறு இறங்கி, போடிமெட்டு வழியாகத் தேனி திரும்பியது 2016 ஜனவரியில். ஒரு காலத்தில் மூணாறில் விளைந்த தேயிலை, ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிய வழி அது. 1924 வெள்ளம் ரயிலைக் கொண்டுபோய்விட்டது. நடுவில் இருந்த சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மலைமேல் இன்னும் வழங்குகிறது. நான் நடந்த மிக அழகான நாள் அது என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2018 மார்ச் 11இல் அதே மலையில் காட்டுத்தீ 20 பேருக்கும் மேல் உயிரைக் குடித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நாங்கள் நடந்த அதே புல்வெளிகளின் நெருப்பு. கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாக எரியும் என்று 2016இல் எனக்குத் தெரியாது.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகலாம் என்று யார் ஆசை காட்டினாலும் போகாதீர்கள். 2024இல் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 தடங்களை இணையப் பதிவோடு திறந்தது. காட்டோர ஊர்க்காரர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். அவர்களோடு நடப்பதே தனிப் பாடம். பஸ்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல், காலையில் சீக்கிரம் நடை தொடங்கும் தடத்துக்கு முதல் பஸ்ஸை நம்ப முடியாது. முந்தின இரவே அடிவார ஊரில் அறை எடுத்துவிட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பையைப் பற்றி: மடியில் வைக்க முடியாத பை பஸ்ஸுக்கு ஆகாது. என்னுடையதில் இரண்டு லிட்டர் தண்ணீர், புளிசாதம், மழைக்கோட்டு, டார்ச், அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு, சில்லறை. வளைவில் குமட்டுகிறவர்கள் பின் சக்கரத்துக்கு மேல் உட்காராமல் முன்பக்கம் இடம் பிடித்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வரட்டும். திரும்பும்போது நனைந்த காலுறையோடு மூன்று மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். மாற்றுக் காலுறைக்குச் சமமான சுகம் வேறில்லை.

இதுவரை மலை நடந்தே பழக்கமில்லை என்பவர்களை நான் அழகர்கோவில் டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். வார நாள் காலை, கூட்டம் வருவதற்கு முன். கோவிலைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறும் மலைச்சாலையில் வேனைத் தவிர்த்து நடந்தால் சில கிலோமீட்டரில் பழமுதிர்சோலை, ஔவைக்கு முருகன் சுட்ட பழம் கொடுத்த கதையைச் சொல்லும் நாவல் மரம், அதற்கும் மேலே ராக்காயி அம்மன் கோவில் நூபுர கங்கை. கையில் தின்பண்டம் எதுவும் தெரிய வேண்டாம், குரங்குகள் பிடுங்கிவிடும். தீர்த்தத்தில் குளித்து இறங்கி, கோவிலில் மிளகு மணக்கும் அழகர் தோசை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ் வரும்வரை நிழலில் உட்கார்ந்து தின்னலாம்.