பெற்றோரின் தன்னம்பிக்கையை அளக்க எந்த அளவுகோல்?

வலிப்பு நோயோ வகை 1 நீரிழிவோ உள்ள குழந்தையை வீட்டில் வைத்துக் கவனிக்கும் தன்னம்பிக்கை பெற்றோருக்கு எந்த அளவு இருக்கிறது என்பதை அறியப் பல வினாப்படிவங்கள் புழக்கத்தில் உள்ளன. அல்சூர், விவேக் நகர்த் தமிழர்களும் ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வருவோரும் சேர்ந்து காத்திருக்கும் பெங்களூருக் குழந்தைகள் மருத்துவமனையில், குழந்தையை வீட்டுக்கு அனுப்புமுன் இவற்றுள் எதைப் பயன்படுத்துவது என்பதே இங்கே கேள்வி.

1978இல் உருவான பெற்றோர் திறனுணர்வு அளவுகோலில் 17 வாசகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு படி விடைகள். பெற்றோராக இருப்பதில் உள்ள மனநிறைவையும், தம் திறமையைப் பற்றிய எண்ணத்தையும் அது பிரித்துக் காட்டுகிறது. பொதுவான குழந்தை வளர்ப்புக்கு அது போதும். ஊசி, மருந்து, அவசர நிலை எதையும் தொடாததால் நமக்கு உதவாது.

1992இல் கோரன், டிசிலோ, ஃப்ரீசென் ஆகியோர் வெளியிட்ட குடும்ப வலுவூட்டல் அளவுகோல் இதைவிட விரிவானது. அதன் 34 வாசகங்கள் வீடு, சேவை அமைப்பு, சமூகமும் அரசியலும் என மூன்று தளங்களைத் தொடுகின்றன. அதிகாரிகளையும் சட்டமன்றத்தாரையும் தம் பேச்சைக் கேட்கவைக்கத் தெரியுமா என்றுகூட அது விசாரிக்கிறது. குழந்தைக்காகப் போராடுவதும் கவனிப்பின் ஒரு பகுதிதான் என்ற அதன் பார்வை பாராட்டத்தக்கது. ஆனால் குடும்ப அட்டையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் தமிழ்நாட்டில் இருக்க, சிகிச்சையைக் கர்நாடகத்தில் பெறும் ஓசூர்த் தாய் எந்த மாநிலத்துச் சட்டமன்ற உறுப்பினரை நினைத்து விடை சொல்வார்? அவர் பெறும் குறைந்த மதிப்பெண் அவருடைய துணிவைவிட அத்திப்பள்ளி மாநில எல்லையைத்தான் அளந்திருக்கும். பெற்றோர் குழுக்களின் பயிற்சி பலன் தந்ததா என்று பார்க்க இது ஏற்றது. ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க ஏற்றதல்ல.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா காட்டிய வழி வேறு. தன்னம்பிக்கை செயலுக்குச் செயல் மாறுவது; ஆகவே ஒவ்வொரு செயலையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, 0 முதல் 100 வரை மதிப்பிடச் சொல்லுங்கள் என்றார். 'வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் வலிப்பை நிறுத்தும் மிடசோலம் ஸ்பிரேயை மூக்கில் அடிக்க முடியுமா?' என்று கேட்டால், சோறு ஊட்டுவதற்கு 90 சொன்ன தாயே இதற்கு 30 சொல்லக்கூடும்; செவிலியருக்கு வேண்டியது அந்த இடைவெளிதான். நூற்றுக்கு எத்தனை என்பது பள்ளி வாசலை மிதித்த எவருக்கும் புரியும். சிக்கலும் அதிலேயே இருக்கிறது: தேர்வு நடக்கிறது என்று எண்ணி 'எல்லாத்துக்கும் நூறு போட்டுக்குங்க மேடம்' என்று சொல்பவர் உண்டு, 35 வந்தாலே பாஸ் என்று நினைப்பவரும் உண்டு.

எனவே ஆபத்தான செயல்களுக்கு மட்டும், எண்ணைக் கேட்டபின் செய்து காட்டச் சொல்வதைச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தியாவில் இன்சுலின் மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இரு செறிவுகளில் விற்கிறது. சிவப்பு மூடிச் சிரிஞ்சு முதலாவதற்கு, ஆரஞ்சு மூடி இரண்டாவதற்கு. 100 அலகுச் செறிவுள்ள மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் பத்து அலகுக் கோடு வரை இழுத்தால், உடலில் ஏறுவது 25 அலகு. இந்தத் தவறை முழு நம்பிக்கையோடு செய்பவரை எந்தப் படிவமும் காட்டிக்கொடுக்காது. கையில் சிரிஞ்சைக் கொடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நேரம் பிடிக்கும் என்ற மறுப்பு நியாயமானதே என்றாலும், எல்லாச் செயல்களுக்கும் இது தேவையில்லை.

யாரிடம் கேட்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். தாய் வேலைக்குப் போகும் வீட்டில் பகல் ஊசியைப் போடுபவர் அம்மாச்சியாக இருக்கலாம். படிவத்தை நிரப்புபவரோ ஆங்கிலமோ கன்னடமோ படிக்கத் தெரிந்த தந்தையாக இருப்பார். ஆகவே தாளை நீட்டாமல் கேள்விகளைத் தமிழில் வாய்விட்டுக் கேட்பதும், கவனிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித் தாள் வைத்து உறவுமுறையைக் குறிப்பதும் அவசியம்.