வீட்டு கிட்டா, லேப் பரிசோதனையா?

விந்தணுப் பரிசோதனை என்றாலே பல ஆண்களுக்குக் கூச்சம். அவர்களுக்கு வீட்டு கிட் வசதிதான்: கதவைச் சாத்திக்கொண்டு, மாதிரி இளகும்வரை பொறுத்து, சில சொட்டு விட்டால் கோடு விழும். ஆனால் பல கிட்கள் பார்ப்பது எண்ணிக்கையை மட்டுமே. விந்தணுக்கள் அசையாமல் கிடந்தாலும் கோடு விழத்தான் செய்யும்!

லேபில் மைக்ராஸ்கோப் வைத்து அசைவு, வடிவம், விந்தின் அளவு எல்லாம் பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு, மில்லிக்கு 1.6 கோடி விந்தணு, அசைவு 42%. மாதிரியை வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். டப்பாவைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும், கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி தேவை. ஒரு வருடம் முயன்றும் கரு தங்காதவர்கள், என்னைக் கேட்டால், கிட்டை விட்டுவிட்டு நேரே லேபுக்கே போகலாம்.