213 டொலர் பூட்ஸும் ஒரு நாளில் ஐந்து வாசல்களும்

நான் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோ பகுதியில் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பு வேலை செய்கிறேன். ஒரு நாளில் ஐந்து வீடு, சில நாள் ஆறு. கார் இல்லை, பஸ்தான். ஐந்து வாசலிலும் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், ஐந்து வாசலிலும் திரும்பப் போட வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே பனிக்காலப் பூட்ஸைப் பற்றி நான் எழுதியிருக்கும் நல்லது கெட்டது எல்லாம் இந்தக் கணக்கில்தான். வீட்டு வாசலில் காரில் ஏறி வேலை வாசலில் இறங்குபவர்கள் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

முன்பு வைத்திருந்தது 59 டொலர் பூட்ஸ். அட்டையில் மைனஸ் 32 பாகை வரை தாங்கும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சூட்டில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரொறன்ரோவில் மைனஸ் 32 வருவதே இல்லை என்று சொல்லலாம். குளிர்காலத்தில் முக்கால்வாசி நாள் சைபருக்குக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று ஊசலாடிக்கொண்டிருக்கும். மைனஸ் 15 என்றால் பனி மணல் மாதிரிக் காய்ந்து கிடக்கும், காலை உதறினால் போய்விடும். சைபரில்தான் வினை. உப்புப் போட்ட பனி உருகி, நடைபாதை வீதியில் இறங்குகிற இடத்தில் கறுப்புக் கூழாக நிற்கும். ஒடியல் கூழ் குடித்து வளர்ந்தவள் நான், ஆனாலும் இந்தக் கூழை நம்பவே மாட்டேன். பார்த்தால் இரண்டு அங்குலம், காலை வைத்தால் கணுக்கால் வரை போகும்.

அப்படி ஒரு நாள் நனைந்த மேஸோடு (காலுறையோடு) ஒரு வீட்டுக்குள் போனேன். போன வழியெல்லாம் தரையில் ஈரச் சுவடு. அந்த அம்மம்மா கட்டிலில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, கால் நனைஞ்சு போச்சே" என்று தன் மேஸ் ஒரு சோடியை எடுத்துத் தந்தார். பார்க்கப் போனவள் நான், பார்த்துக்கொண்டது அவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அன்று இரவு அந்தப் பூட்ஸை மேசையில் வைத்து ஆராய்ந்தேன். லேஸுக்குக் கீழே இருக்கும் நாக்கு இரண்டு பக்கமும் தைக்கப்படாமல் சும்மா தொங்கியது. தண்ணீர் அந்த வழியால்தான் போயிருக்கிறது. அட்டையில் 'வோட்டர் ரெசிஸ்டன்ட்' என்று இருந்ததை நானேதான் 'வோட்டர் புரூஃப்' என்று வாசித்திருக்கிறேன். முதலாவது தூறலுக்குத் தாங்கும், அவ்வளவுதான். இரண்டாவது எழுதியிருந்தால்தான் தண்ணீருக்குள் கால் வைக்கலாம்.

2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் தடம்புரண்டு, பிறகு ஓடவே இல்லை. பதிலுக்கு பஸ் வந்தது. எனக்குத் தரிப்பிடத்தில் நிற்கிற நேரம் கூடியது. அந்த நவம்பரில்தான், சரி, இனிக் காசைப் பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். புதுப் பூட்ஸ் 189 டொலர், 13 வீத வரியோடு 213.57. வாங்கிய பிறகு இரண்டு கிழமை அந்த ரசீதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கம்பனிப் பெயர் எழுதவில்லை. ஏன் என்று கடைசியில் தெரியும்.

கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் உயரம். வெளியே தோல், உள்ளே தண்ணீர் புகாத சவ்வு, அதற்கும் உள்ளே சதுர மீற்றருக்கு 200 கிராம் கணக்கில் சூட்டுப் பஞ்சு. நாக்கு இரண்டு பக்கமும் மேல் வரை சேர்த்துத் தைத்திருக்கிறது. பக்கத்தில் ஸிப், அந்த ஸிப்புக்குப் பின்னாலும் மடிப்பாக ஒரு தோல். ஸிப் வைத்த பூட்ஸில் தண்ணீர் போகும் என்று சொல்வார்கள். மடிப்பு இல்லாவிட்டால் போகும்தான்.

அந்தச் சவ்வைப் பற்றி மகன் விளக்கம் தந்தான். 1969 இல் பொப் கோர் என்பவர் ரெஃப்லோன் வகைப் பொருளைச் சூடாக்கிச் சடாரென்று இழுத்தாராம். அது கிழியாமல் நுண்துளைகளோடு விரிந்துகொடுத்தது. அதிலிருந்து வந்ததுதான் கோர்-டெக்ஸ். துளைக்குள்ளால் வியர்வை ஆவி வெளியே போகும், தண்ணீர்த் துளி உள்ளே வராது. என் பூட்ஸில் இருப்பது அந்தப் பெயர் இல்லை, அதே வேலையைச் செய்கிற கம்பனியின் சொந்தச் சவ்வு. ஆனால் ஆவி போகும் என்பதைப் பெரிதாக நம்பிவிடாதீர்கள். வெளித்தோல் ஊறிப்போன நாளில் வியர்வை போக இடமில்லை. நெரிசலான பஸ்ஸில், ஹீற்றர் முழு வேகத்தில் போகும்போது, கால் உள்ளே அவியும். அதற்குப் பருத்தி மேஸை விட்டுக் கம்பளி மேஸுக்கு மாறினேன். ஈரப்பட்டாலும் அது சில்லிடாது.

கடைக்கு வேலை முடிந்து மாலையில்தான் போனேன். எட்டு மணித்தியாலம் நின்ற கால் காலையில் இருந்த அளவில் இருக்காது. தடித்த மேஸையும் கையோடு கொண்டு போனேன். வழக்கத்தைவிட அரை அளவு பெரிதாக எடுத்தேன், விரலை ஆட்ட முடியாத பூட்ஸ் எவ்வளவு பஞ்சு வைத்தாலும் குளிரும். பிறகு நின்றபடியே, சுவரில் கை வைத்து, ஸிப்பைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தேன். "அன்ரி, ஸிப்பை உடைச்சுப் போடுவீங்கள் போல" என்று கடைத் தம்பி சிரித்தான். நான் ஒரு நாளில் செய்யப்போவது அதுதான் தம்பி என்றேன்.

அடிப்பக்கத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ஆழமான பல் வைத்த அடி பனிக்கட்டியில் பிடிக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பல் புதுப்பனிக்குள் பிடிக்கும், ஈரமான கண்ணாடிப் பனியில் பிடிக்காது. அங்கே ரப்பர் என்ன ரப்பர் என்பதுதான் விஷயம், குளிரில் கல்லாகிப்போகிற ரப்பர் என்றால் தொலைந்தோம்.

ரொறன்ரோவிலேயே யூனிவர்சிற்றி அவெனியூவில் உள்ள மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையத்தில், நிலத்துக்கடியில், பனிக்கட்டித் தரை போட்ட ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பூட்ஸைப் போட்ட ஆளை அதில் நடக்கவிட்டு, தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்பார்கள். விழாமல் இருக்க ஆளை மேலே கட்டியிருப்பார்கள். 7 பாகைச் சரிவில் வழுக்காவிட்டால் ஒரு பனிப்பூக் குறி. நடைபாதை வீதிக்கு இறங்குகிற சரிவு அவ்வளவுதான். அதற்கு மேல் தாங்கினால் இரண்டு, மூன்று. 2016 இல் முதல் தடவை 98 பூட்ஸ் பார்த்தார்கள், நூற்றுக்குப் பத்துக்கூடத் தேறவில்லை. எங்களைப் போல வீட்டுப் பராமரிப்பு வேலை செய்பவர்களுக்கே நல்ல அடி வைத்த பூட்ஸைக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள், விழுவது குறைந்ததாம். 'ரேற் மை ட்ரெட்ஸ்' என்று தேடினால் பட்டியல் வரும். நான் வாங்கியது ஒரு பூ. மூன்று பூ எதிலும் ஸிப் கிடைக்கவில்லை.

முதல் குளிர்காலம், 2023-24, கனடாவிலேயே பதிவான குளிர்காலங்களில் மிகவும் சூடானது. பனியைவிடக் கூழ்தான் அதிகம். ஒரு நாளும் மேஸ் நனையவில்லை. அடுத்த வருடம் பெப்ரவரியில் ஒரு கிழமைக்குள் 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியது. பஸ் தரிப்பிடத்துக்கும் வீதிக்கும் நடுவே இடுப்பளவு பனி மேடு, ஏறி இறங்கித்தான் பஸ் பிடிக்க வேண்டும். அப்போது பூட்ஸின் உயரம் போதவில்லை, மேல் வாயால் பனி உள்ளே போனது. அதற்கு முழங்கால் பூட்ஸ் வேண்டும். அதை ஐந்து வாசலில் கழற்றுவதை நினைத்தாலே நாரி நோகிறது.

இரண்டாவது குளிர்காலம் முடியும்போது பெரிய குறை தெரிந்தது. அடியில் மினுங்கிக்கொண்டிருந்த சொரசொரப்பு, பெருவிரலுக்குக் கீழே வழவழவென்று தேய்ந்துவிட்டது. பனிக்கட்டிக்காகச் செய்த அடி காய்ந்த கொங்கிறீற்றில் கெதியாகத் தேயும். நான் ஏப்ரல் வரை அதையே போட்டுத் திரிந்தேன், அது என் பிழை. காய்ந்த நாளுக்கு வேறு சப்பாத்து வைத்திருக்க வேண்டும்.

ஸிப்பில் உப்புப் படிந்தால் இறுகும், மெழுகுதிரியால் இரண்டு தடவை தேய்த்தால் சரி. தோலில் வெள்ளையாகப் பூக்கிற உப்புக்கு ஒரு பங்கு வினாகிரி, இரண்டு பங்கு தண்ணீர், ஒரு பழைய துணி. இரவில் உள்ளே பத்திரிகைத் தாளை அடைத்து வைப்பேன். ஹீற்றருக்கு மேலே வைத்தால் தோல் வெடிக்கும், பசையும் விட்டுப்போகும்.

சின்னக் கால் உள்ள பெண்களுக்கு ஒன்று: பிள்ளைகளுக்கான 6 ஆம் அளவு வரை ஒன்ராறியோவில் வரி 5 வீதம்தான், விலையும் குறைவு. என்னோடு வேலை செய்யும் ஒருத்தி பெடியன்களுக்கான பகுதியில்தான் வாங்குகிறாள். எனக்கு அந்த அளவு போதாது, கொடுத்து வைக்கவில்லை.

இப்போது மூன்றாவது பனி வரப்போகிறது. இந்த 213 டொலர் பூட்ஸுக்குள் தண்ணீர் இன்னும் போகவில்லை, ஆகவே மழை நாளுக்கு வைத்திருக்கிறேன். பனிக்கட்டிக்குப் புதிது வேண்டும் என்று அதே மாதிரியைக் கேட்டுப் போனேன். ஸிப்பை எடுத்துவிட்டு லேஸ் வைத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் அதே பெயர். இரண்டு பூவும் ஸிப்பும் உள்ள ஒன்று வேறொரு கடையில் இருக்கிறதாம். சனிக்கிழமை நான்காவது வீடு முடிந்து, கால் நன்றாக வீங்கியிருக்கிற நேரம் பார்த்துப் போகிறேன்.