கொழும்பில் வாங்கி நுவரெலியாவில் போடும் குளிர் உடுப்பு: நீண்டகாலப் பாவனையில் எது தாங்குகிறது?

தை மாத விடியற்காலையிலும் கொழும்பின் வெப்பநிலை 22 பாகை செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். ஐந்து மணிக்கு மரைன் டிரைவில் சைக்கிள் ஓடுபவருக்குக் குளிர் உடுப்பு என்று ஒன்றுமே வேண்டாம். சாதாரண ஜேர்சி போதும், அதுவும் தெஹிவளை தாண்டுமுன் முதுகோடு ஒட்டிவிடும். அதே ஆள் சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு நீண்ட வார இறுதிக்கு மலைநாட்டுக்குப் போகும்போதுதான் சிக்கல். குளிருக்கான சாமான்களை முன்கூட்டியே போட்டுப் பார்க்க இங்கே வழியில்லை. கடையில் நன்றாகத் தெரிந்தது நுவரெலியா வீதியிலுள்ள லபுக்கலை இறக்கத்தில் எப்படி இருக்கும் என்பது லபுக்கலையில்தான் தெரியும்.

கணக்கு இதுதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 பாகை குறையும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆகவே கொழும்பில் 22 என்றால் அங்கே 10 பாகை அளவில் எதிர்பார்க்கலாம். ஆனால் தை, மாசியில் வானம் தெளிந்து காற்று அசையாத இரவுகளில் இந்தக் கணக்கு உதவாது. மேகம் இல்லாததால் நிலம் தன் சூட்டை இரவு முழுக்க வெளியே விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, அது வழிந்து பள்ளங்களில் தேங்கும். குதிரைப் பந்தயத் திடல், அம்பேவெல புல்வெளி போன்ற இடங்களில் துகள் உறைபனி படிவது இப்படியான காலைகளில்தான். ஆகவே முதல்நாள் இரவு வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் முழுக் கையுறையை எடுத்து வையுங்கள். மூடுபனியும் மேகமுமாக இருந்தால் அவ்வளவு குளிராது, ஆனால் எல்லாம் நனையும். மிகக் குளிரான நேரம் நள்ளிரவு இல்லை, சூரியன் எழும் நேரத்தை ஒட்டியது. தை மாதத்தில் அது காலை 6.25 அளவில். தெளிந்த நாளில் ஏழு மணிக்குப் புறப்படுவதே பாதி உடுப்புக்குச் சமன்.

இதன்மேல் காற்று. 5 பாகையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூடாத தோலுக்கு அது 0 பாகை போலப் படும். 10 பாகையில் 40 கிலோமீட்டர் என்றால் 6 பாகை. ஏற்றத்தில் வேகம் பத்துக்கும் குறைவு, உடம்பும் கொதிக்கும், குளிர் கிட்டவே வராது. இறக்கத்தில் வேகம் நான்கு மடங்கு, கால்களுக்கு வேலையே இல்லை. பிடிப்பது அங்கேதான்.

தடித்த பஞ்சு ஜாக்கெட் தோற்கும் காரணமும் இதுவே. நானுஓயாவிலிருந்து நுவரெலியா நகருக்கு ஏறும் எட்டுக் கிலோமீட்டரிலேயே அதன் உட்புறம் வேர்வையில் ஊறிவிடும். கழற்றினால் வைக்க இடமில்லை, இடுப்பில் கட்டினால் அவிழ்ந்து சில்லுக்குள் போகப் பார்க்கும். மறுபக்கம் இறங்கும்போது ஈர உடுப்போடு காற்றுக்குள் நுழைகிறீர்கள். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்தும். பருத்திப் பெனியனை உள்ளே போடக்கூடாது என்பதும் அதனால்தான். வீட்டில் எவ்வளவு சுகமாக இருந்தாலும் மலையில் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு நெஞ்சிலேயே கிடக்கும். மெல்லிய பொலியெஸ்டர் வலைத்துணியில் கையில்லாத உள்பெனியன் ஒன்று போதும். மெரினோ கம்பளி நாற்றம் பிடிக்காது, ஈரத்திலும் கொஞ்சம் சூடு தரும். ஆனால் கொழும்பில் அதைப் பாதுகாப்பது தனி வேலை, அதைக் கீழே பார்ப்போம்.

பல வருடப் பாவனைக்குப் பிறகும் முதலிடம் காற்றுத்தடுப்பு வெஸ்டுக்கே. கையில்லாதது, முன்பக்கம் காற்றுப் புகாத மெல்லிய நைலோன், முதுகுப்பக்கம் வலைத்துணி, நிறை சுமார் 100 கிராம், சுருட்டினால் ஜேர்சியின் பின் பொக்கெட்டுக்குள் அடங்கும். வாங்கும்போது நிமிர்ந்து நின்று அளவு பார்க்க வேண்டாம், ஹேண்டிலைப் பிடிப்பதுபோலக் குனிந்து பாருங்கள். நிற்கும்போது அளவாகத் தெரிவது குனிந்தால் முன்னால் தொங்கிப் படபடக்கும். படபடக்கும் துணி உள்ளே சேர்ந்த சூடான காற்றைப் பம்ப் அடித்து வெளியேற்றிவிடும். சிப்பை முழுதாக மேலே இழுத்தால் கழுத்துப்பட்டி நாடியைத் தொடவேண்டும். ஏற்றத்தில் வயிறுவரை திறந்து வைத்து, உச்சிக்கு இருநூறு மீட்டர் முன்பே பூட்டிவிடுங்கள். இறக்கத்தில் வேகம் பிடித்தபின் ஒற்றைக் கையால் சிப் இழுப்பது வளைவுகள் நிறைந்த ஏ5 வீதியில் செய்யும் வேலையில்லை.

வெஸ்டில் முதலில் பழுதாவது துணியல்ல, சிப். காலி வீதிக்குக் கடல்பக்கமாக உள்ள வீடுகளில் உலோக ஸ்லைடர் உப்புப் பூத்துச் சிக்கும். பிளாஸ்டிக் பல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இறுகத் தொடங்கினால் எண்ணெய் போடவேண்டாம், தூசி பிடிக்கும். மெழுகுதிரியைப் பல்லின்மீது தேய்த்து நாலைந்து தடவை இழுத்தால் சரிவரும்.

வெஸ்ட் இல்லாதவருக்குப் பேப்பர். மலையுச்சியில் பேப்பரை வாங்கி ஜேர்சிக்குள் செருகிக்கொண்டு இறங்குவது ஐரோப்பியப் பந்தய வீரர்களின் பழைய வழக்கம், இன்றும் அது வேலை செய்கிறது. நாலைந்து தாளை ஒன்றாக மடித்து, கழுத்துக் குழியிலிருந்து தொப்புள்வரை மூடும்படி வையுங்கள். ஜேர்சி இறுக்கமாக இருந்தால்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் தடிப்பு இதற்கென்றே அச்சடித்தது போலிருக்கும். ஓர் இறக்கத்துக்கு மட்டுமே இது. அடுத்த ஏற்றத்தில் வேர்வை பட்டால் கூழாகும், வெள்ளை ஜேர்சியில் தலைப்புச் செய்தி தலைகீழாக ஒட்டும்.

கைக்குத் தனியாக மாட்டும் ஆர்ம் வோமர் கொடுக்கும் காசுக்கு நிறையவே திருப்பித் தரும். விரல்களை மடக்கும் தசைகளில் பெரும்பகுதி முன்கையில் இருக்கிறது. முன்கை குளிர்ந்தால் பிரேக் பிடிக்கும் பலமும் குறையும். ஏற்றத்தில் மணிக்கட்டுவரை சுருட்டிவிடலாம், கழற்றத் தேவையில்லை. இதன் பலவீனம் மேல்விளிம்பிலுள்ள சிலிக்கன் பட்டி. வேர்வையும் சன்ஸ்கிரீனும் பட்டுப்பட்டு அது பிடியிழக்கும், பிறகு பட்டி ஒவ்வொரு குலுக்கலுக்கும் கீழே வரும். அப்போது ஜேர்சிக் கையின் விளிம்பை அதன்மேல் போடாமல், ஆர்ம் வோமரை ஜேர்சிக் கையின் மேலாக இழுத்துவிடுங்கள், இன்னும் ஒரு பருவம் ஓடும். முழங்காலுக்கும் இதே முறைதான்: 15 பாகைக்குக் கீழே என்றால் மூடவேண்டும். சூடேற்றும் தைலம் பூசுவது தோலில் எரிவை உண்டாக்குமே தவிர மூட்டைக் காற்றிலிருந்து காப்பதில்லை. பூசிய கையோடு கண்ணைத் தொட்டால் பாதையே தெரியாது.

விரல்களுக்கு வருவோம். இங்கே பிரச்சினை சுகம் அல்ல, பாதுகாப்பு. விரல் மரத்துவிட்டால் பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. பந்தயப் பெயர் போட்ட விலையுயர்ந்த கையுறைகளைவிட நீண்டகாலம் கைகொடுத்தது இரண்டு மலிவுச் சாமான்களின் சோடி: உள்ளே மெல்லிய பின்னல் கையுறை, வெளியே பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறை, வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரிது. காற்றும் புகாது, மழையும் புகாது, ஈர லீவரில் வழுக்காது. இறப்பருக்குப் பஞ்சமில்லாத நாடு, எந்தச் சில்லறைக் கடையிலும் கிடைக்கும். குறை என்னவென்றால் அரைமணி நேரத்துக்கு மேல் போட்டால் உள்ளே வேர்த்துப் பின்னல் நனையும். ஆகவே அது இறக்கத்துக்கு மட்டும். ஏற்றத்தில் கழற்றி, உட்புறம் வெளியே தெரியப் புரட்டிப் பொக்கெட்டில் வையுங்கள். அளவு இறுகினால் எந்தக் கையுறையும் குளிரும், இரத்த ஓட்டம் குறைவதே காரணம். போட்டுக்கொண்டு கையை முழுதாகப் பொத்திப் பாருங்கள், விரல் நுனியில் இழுவை தெரிந்தால் சிறிது.

லீவரை ஹேண்டிலுக்குச் சற்றுக் கிட்டவாக வரும்படி முன்பே திருகி வையுங்கள், குளிர்ந்த விரல் அவ்வளவு தூரம் நீளாது. சில்லின் விளிம்பைப் (ரிம்) பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ஈரமான ரிம்மில் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிப்பே இருக்காது, வளைவுக்கு முன்னதாகவே மெதுவாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொள்ளவேண்டும். உடம்பு நடுங்கினால் ஹேண்டிலும் சேர்ந்து ஆடும். முழங்கால் ஒன்றை நடுச்சட்டத்தில் அழுத்தி, வேகத்தைக் குறைத்து நிறுத்திவிடுங்கள். வீம்பு வேண்டாம்.

காலுக்கு எல்லோரும் செய்வது தடித்த மேசு. அதே சப்பாத்துக்குள் தடித்த மேசைத் திணித்தால் கால் இன்னும் குளிரும், கையுறையில் சொன்ன அதே காரணம். மெல்லிய மேசே போதும். சப்பாத்தின் முன்பக்கக் காற்றுத் துளைகளை உட்புறமாக டேப் ஒட்டி மூடுங்கள். கிளீட் (பெடலில் கொளுவும் கட்டை) பூட்டும் சப்பாத்தில் அடித்தட்டின் ஆணிகள் நேரே பாதத்துக்குக் குளிரைக் கடத்தும், உள்தட்டின் கீழே சமையலறை அலுமினியத் தாள் ஒரு துண்டு வெட்டி வைத்தால் வித்தியாசம் தெரியும். மழை நாளில் மேசுக்கு மேல் சொப்பிங் பேக். அழகில்லை, வேலை செய்யும்.

தலைக்கு, ஹெல்மெட்டுக்குள் காதை மூடும் மெல்லிய தொப்பி ஒன்று, கழுத்துக்குக் குழாய்த்துணி ஒன்று. தொப்பி போட்டபின் ஹெல்மெட் பட்டியைத் திரும்ப அளவெடுக்க மறக்கவேண்டாம். கண்ணாடி நிறமற்றதாக இருக்கட்டும்.

சுடுதண்ணீர்ப் போத்தலில் 500 மில்லிலீற்றர் அளவும் 73 மில்லிமீற்றருக்கு மேற்படாத விட்டமும் உள்ளது சாதாரண போத்தல் கூட்டில் உட்காரும். இஞ்சித் தேத்தண்ணியில் பாதியை உச்சியில் குடியுங்கள், அடிவாரத்தில் அல்ல. இன்னொன்று, உடுப்போடு சம்பந்தமில்லாதது: கொழும்பில் 30 பாகையில் 80 பி.எஸ்.ஐ அடித்த டயர் 5 பாகை விடியலில் நுவரெலியாவில் 75 அளவில் நிற்கும். குளிரால் குறைவது இன்னும் அதிகம், ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அதில் ஒரு பங்கு ஈடாகிவிடும். ஈர வீதிக்கு 75 நல்லதுதான், மேலும் அடிக்க ஓடவேண்டாம்.

வாங்கும் இடம் என்றால் புறக்கோட்டை, மஹரகம கடைகளில் ஏற்றுமதி மிச்ச உடுப்புகளைக் கிளறலாம். நுவரெலியாவின் பேல் பஜாரில் தெரிவு அதிகம். லேபிளில் பருத்தி என்றிருந்தால் திரும்பப் போடுங்கள். காற்றுத்தடுப்பு என்று சொல்லி விற்பதை நம்பாமல் துணியை உதட்டோடு ஒட்டி ஊதிப் பாருங்கள். மறுபக்கம் வைத்த கையில் மூச்சுப் பட்டால் அது வெறும் ஜாக்கெட்.

இனிக் கொழும்பு இந்தச் சாமான்களுக்குச் செய்யும் கொடுமை. வருடத்தில் பெரும்பகுதி இவை அலுமாரியில்தான் கிடக்கும், பழுதாவதும் அங்கேதான். உட்புறம் பொலியூரிதேன் பூசிய மழை ஜாக்கெட் சூடும் ஈரப்பதனும் சேர்ந்த காற்றில் போடாமலே கெடும். பூச்சின் மூலக்கூறுகளை நீராவி உடைப்பதால் முதலில் பசைபோல ஒட்டும், பிறகு செதிள் செதிளாக உரியும். உரியத் தொடங்கியதைக் காப்பாற்ற முடியாது. அதனால் இங்கே விலையுயர்ந்த மழை ஜாக்கெட் வாங்குவதில் நியாயமில்லை, பூச்சில்லாமல் நெருக்கமாக நெய்த நைலோன் வெஸ்ட் அதைவிட நெடுங்காலம் இருக்கும்.

கழுவும்போது துணி மென்மையாக்கும் திரவம் போடவேண்டாம், அது இழைகளில் படிந்து வேர்வையை உறிஞ்சவிடாது. வெள்ளவத்தைப் பல்கனிகளில் கடற்காற்றில் காயப்போட்டால் உப்பும் சேர்ந்து காயும். உள்ளே மின்விசிறிக்குக் கீழ் போடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கவேண்டும். ஜெல் நிறம் மாறினால் 120 பாகைச் சூட்டில் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீளும். மெரினோவுக்கு அந்துப்பூச்சி வரும். அழுக்கும் வேர்வையும் உள்ள இடத்தைத்தான் அது முதலில் தேடும், ஆகவே கழுவாமல் ஒருநாளும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். நப்தலீன் உருண்டை பிளாஸ்டிக்கை இளக்கும், வெஸ்டின் சிப்போடும் ஆர்ம் வோமரின் சிலிக்கன் பட்டியோடும் அதைச் சேர்த்து வைக்கவேண்டாம். இறப்பர் கையுறைக்கு உள்ளும் புறமும் பவுடர் தூவி வெளிச்சம் படாமல் வையுங்கள். அடுத்த மார்கழியில் எடுக்கும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் புதுச்சோடி வாங்கிவிடுங்கள்.