சாடிலில் மரமேற எது சரி: நாலு ஸ்டிக்கா, ஒற்றை ஸ்டிக்கா, வெறும் கயிறா?

மரத்தில் பரண் கட்டி மானுக்குக் காத்திருப்பது பழைய வழக்கம். சாடில் இருந்தால் பரண் வேண்டாம். இடுப்பையும் தொடையையும் தாங்குகிற வார்ப்பட்டை இருக்கை அது. அதன் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கயிற்றுக்கு பிரிட்ஜ் என்று பெயர். மரத்தைச் சுற்றிக் கட்டும் இன்னொரு கயிறு டெதர். பிரிட்ஜைக் காரபினர் என்ற பூட்டுக் கொக்கியால் டெதரில் மாட்டி, மரத்தைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்தால் உடம்பின் பாரம் கயிற்றுக்குப் போய்விடும். காலை ஊன்ற, இரண்டு பாதம் மட்டும் கொள்ளும் சின்ன பிளாட்ஃபார்ம் ஒன்று இருக்கும்.

வட அமெரிக்காவில் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடுகிறவர்களிடம் வளர்ந்த முறை இது. மிச்சிகனைச் சேர்ந்த ஜான் எபர்ஹார்ட் போன்ற சிலர் 1980-களிலேயே சாடிலில் தொங்கினார்கள். அப்போது கேட்பார் அதிகம் இல்லை. கடந்த சில வருடங்களில்தான் டெத்ர்ட், ட்ரோஃபிலைன், லாட்டிட்யூட் என்று நிறுவனங்கள் பெருகி, சாடில் எல்லோர் கைக்கும் வந்தது. இப்போது எந்தச் சாடில் வாங்கினாலும் பெரிய தப்பில்லை. அதை மாட்டிக்கொண்டு 20 அடி மேலே எப்படிப் போவது என்பதில்தான் குழப்பமே.

இந்த விவாதத்தில் எல்லோரும் எடையைத்தான் முதலில் பேசுகிறார்கள். அரை கிலோ குறைக்க நூற்றுக்கணக்கான டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். காட்டுக்குள் வெகுதூரம் நடக்கிறவருக்கு எடை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மரத்தில் நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் இடம் மாறும்போதும்தான் நடக்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது குறைவு. அதனால் நான் ஒவ்வொரு முறையையும் ஒரே கேள்வியோடு பார்க்கிறேன்: தரையிலிருந்து மேலே போய்த் திரும்பி வருவதற்குள் எத்தனை முறை ஒரு கயிற்றை விட்டு இன்னொரு கயிற்றுக்கு மாற வேண்டியிருக்கிறது?

சாடிலே இல்லாத போட்டியாளரை முதலில் முடித்துவிடலாம். கிளைம்பிங் ஸ்டாண்ட் என்பது இரண்டு சட்டங்கள் கொண்ட பரண். மேல் சட்டத்தில் கையை ஊன்றி, கீழ்ச் சட்டத்தைக் காலால் தூக்கி, கம்பளிப்பூச்சி மாதிரி ஏறுவார்கள். உட்காரச் சொகுசு என்றால் இதுதான். முட்டி வலியோ இடுப்பு வலியோ உள்ளவர் நாள் முழுக்க உட்கார வேண்டுமானால் இதையே வாங்கட்டும். ஆனால் நேராக, கிளையே இல்லாமல், சரியான பருமனில் நிற்கும் மரம் வேண்டும். கொஞ்சம் சாய்ந்த மரமோ, பத்தடியில் கிளை பிரியும் ஓக் மரமோ என்றால் வேலைக்கு ஆகாது. எடையும் 9 கிலோவை ஒட்டி வரும். மான் நடமாடும் இடத்தில் நல்ல மரம் நிற்கும் என்ற உத்தரவாதம் இல்லை. சாடிலின் பெரிய பலமே கோணல் மரத்திலும் ஏற முடிவதுதான்.

இனி சாடில்காரர்களின் மூன்று வழிகள்.

முதலாவது ஸ்டிக். ஸ்டிக் என்பது நடுவில் ஒரே கம்பமும் இரண்டு பக்கமும் படியும் உள்ள குட்டி ஏணித்துண்டு. மூன்று அல்லது நான்கு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக மரத்தில் கட்டிக்கொண்டே ஏற வேண்டும். ஏறும் நேரம் முழுக்க லைன்மேன் கயிறு இடுப்பின் இரண்டு பக்கமும் மாட்டி மரத்தைச் சுற்றியிருக்கும். கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். கற்றுக்கொள்ளச் சுலபம், இருட்டிலும் தடுமாற்றம் குறைவு. படி கண்ணுக்குத் தெரிவதால் மனசும் பதறாது.

ஆனால் லைன்மேன் கயிறு விழுவதைத் தடுக்கும் கயிறு இல்லை. கால் நழுவினால் கயிற்று வளையமும் மரத்தை ஒட்டியபடியே கீழே வழுக்கும். நெஞ்சும் முகமும் மரப்பட்டையில் உரசிக்கொண்டே இறங்கும். அதனால் கவனமானவர்கள் டெதரையும் கூடவே தலைக்கு மேல் நகர்த்திக்கொண்டு ஏறுவார்கள். நேரம் கூடும், கூடட்டும்.

கிளை குறுக்கே வரும் இடத்தில்தான் ஆளின் ஒழுங்கு தெரியும். லைன்மேன் கயிறு கிளையைத் தாண்டாது, கழற்றித்தான் ஆக வேண்டும். முதலில் டெதரைக் கிளைக்கு மேலே கட்டு. பிரிட்ஜில் மாட்டு. காரபினர் வாய் பூட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். பிறகு பின்னால் சாய்ந்து, உடம்பின் பாரத்தை டெதர் முழுசாக வாங்குகிறதா என்று பார். வாங்கிய பிறகுதான் லைன்மேன் கயிற்றைக் கழற்றி, கிளைக்கு மேலே திரும்ப மாட்ட வேண்டும். பாரம் ஏற்றிப் பார்க்கிற அந்த இரண்டு வினாடியை மிச்சம் பிடிக்கவே கூடாது. நாலு ஸ்டிக் ஏற்றத்தில் இப்படி ஓரிரண்டு மாற்றம் வரும், கடைசியில் பிளாட்ஃபார்முக்கு மாறும்போது ஒன்று. இறங்கும்போது எல்லாம் தலைகீழாக, களைத்த உடம்போடு, பெரும்பாலும் இருட்டில். ஸ்டிக் முறையின் பலவீனம் என்று நான் சொல்வது இந்த இறக்கத்தைத்தான். இன்னொன்று சத்தம். நாலு உலோகத் துண்டும் ஒன்றோடொன்று உரசினால் மான் காதுக்குத் தப்பாது. பூட்டுக்குப் பதில் கயிற்றால் கட்டுகிற ஸ்டிக்குகள் இதில் எவ்வளவோ மேல்.

இரண்டாவது ஒற்றை ஸ்டிக். நாலு துண்டு சுமப்பானேன், ஒன்றையே திரும்பத் திரும்ப மேலே நகர்த்தினால் போதாதா என்று யோசித்தவர்களின் வழி. ஸ்டிக்கின் அடியில் ஏய்டர் என்ற நாடா ஏணி தொங்கும். அதில் கால் வைத்து ஸ்டிக்கின் தலைவரை ஏறுவாய். டெதரை எட்டும் மட்டும் மேலே தள்ளி, அதில் உட்கார்வாய். குனிந்து, காலுக்குக் கீழே இருக்கும் ஸ்டிக்கை அவிழ்த்து, இடுப்பு உயரத்துக்குத் தூக்கித் திரும்பக் கட்டுவாய். ஒரு நகர்த்தலுக்கு நாலைந்து அடி கிடைக்கும். ஸ்டிக்கின் தலையிலேயே பிளாட்ஃபார்ம் பொருத்தியிருந்தால், மேலே போனதும் அதுவே நிற்கும் இடம். தனியாகச் சுமக்க வேண்டாம். இறங்குவது ராப்பெல் முறையில், அதாவது மேலே கட்டிய கயிற்றை ஒரு கருவி வழியே மெல்ல நழுவவிட்டு.

மொத்தச் சுமையும் முதுகுப்பையில் அடங்கிவிடும் என்பதால் தூரம் நடக்கிறவர்கள் இதை விரும்புகிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் குனிந்து, தூக்கி, இழுத்துக் கட்ட வேண்டும். நவம்பர் குளிரில் நாலைந்து முறை இதைச் செய்தால் உள்சட்டை நனைந்துவிடும். அசையாமல் காத்திருக்கப் போகிறவருக்கு வியர்வை இரண்டு விதத்தில் கேடு: நடுங்க வைக்கும், மானுக்கு மோப்பம் காட்டும். கனத்த மேல்சட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு மெல்லிய உடுப்பில் ஏறுவதுதான் வழி. இன்னொரு பக்கம், இந்த முறையில் டெதரிலிருந்து பாரம் முழுசாக விலகுவதே குறைவு. ஒழுங்காகப் பழகியவருக்கு ஸ்டிக் ஏணியைவிட இது பாதுகாப்பானது என்றே நினைக்கிறேன். காரணம் அந்த ராப்பெல். மரத்தை விட்டுக் கொஞ்சம் விலகி, கயிற்றில் சீராக இறங்கலாம். இருட்டில் படியைக் காலால் துழாவ வேண்டாம்.

ராப்பெலில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியவை மூன்று. எட்டு வடிவ வளையத்தில் இறங்கினால் அது தானாகப் பிடிக்காது. கை விட்டால் போய்விடும். அதற்குக் கீழே, பாரம் விழுந்தால் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் புருசிக் முடிச்சு ஒன்றைக் காவலுக்குப் போடு. மேட்ராக் சேஃப்கார்ட் போன்ற, பாரம் விழுந்தால் தானாக இறுகும் கருவி அதைவிட நல்லது, கயிற்றின் பருமன் அந்தக் கருவிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள். கயிற்றின் நுனியில் ஒரு தடுப்பு முடிச்சு இருக்கட்டும். கயிறு குறைவாக இருந்தால் அங்கேயாவது நிற்பாய். கயிற்றைக் கீழிருந்து உருவ ஒரு மெல்லிய கயிறு கட்டியிருப்பார்கள், அது ஆள் பாரத்துக்கு இல்லை. இருட்டில் இரண்டும் ஒன்றுபோல் தெரியாதபடி நிறம் மாற்றி வாங்கு.

மூன்றாவது வழியில் ஸ்டிக்கே கிடையாது. மரம் வெட்டும் தொழிலாளர்களிடமிருந்து வந்த ஒற்றைக் கயிற்று முறை. பளுப்பை கட்டிய நூலை எறிந்து ஒரு கிளைக்கவட்டில் விழ வைத்து, நூலோடு கயிற்றை மேலே இழுத்து, கயிற்றைக் கவ்வும் கருவியாலும் ஒரு கால்வளையத்தாலும் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து மேலே போக வேண்டும். என் கேள்விக்கு இதுதான் மிகச் சுத்தமான பதில். தரையில் மாட்டிய கயிற்றை மேலே போகும்வரை விடவே வேண்டாம். மரப்பட்டையில் உலோகம் படுவதில்லை, சத்தமும் இல்லை.

பிறகு ஏன் எல்லோரும் இதற்கு மாறவில்லை? கிளைதான் காரணம். விடியுமுன் இருட்டில் கிளைக்கவட்டைக் குறிபார்த்து எறிய முடியாது. அதனால் பருவத்துக்கு முன்பே பகலில் போய், மரத்தைச் சோதித்து, மெல்லிய நூலை மட்டும் விட்டுவிட்டு வருவார்கள். வேட்டையன்று அதோடு கயிற்றை இழுத்துக்கொள்வார்கள். அப்படி நூல் விட்டுவைக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கப் பொதுநிலங்களில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஆணியும் திருகுப் படியும் பல இடங்களில் தடை, மாட்டியதை அன்றே கழற்ற வேண்டிய இடங்களும் உண்டு. இன்னொரு விஷயம்: கயிற்றின் மறுமுனையைக் கீழே அடிமரத்தில் கட்டினால், கிளைமேல் விழும் பாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். கயிற்றையே கண்ணியாக்கிக் கிளையை இறுக்கிப் பிடிக்க வைத்தால் ஆள் பாரம் மட்டும் விழும். எப்படிக் கட்டினாலும், ஏறும் முன் தரையில் நின்று முழுப் பாரத்தோடு தொங்கிக் குலுக்கிப் பார்க்காமல் கால் தூக்கக் கூடாது. புது மரத்தை அன்றன்றைக்குத் தேடுகிறவருக்கு இந்த முறை ஒத்துவராது.

இரண்டு டெதரை மாற்றி மாற்றி ஏறுகிற முறையும் உண்டு. இருப்பதிலேயே எடை குறைவு, உடம்பு அலுப்பும் அதிகம். மற்ற முறைகளில் ஊறியவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

மேலே போனபின் பிளாட்ஃபார்மா, மரத்தைச் சுற்றி மாட்டும் படிவளையமா என்று இன்னொரு சர்ச்சை. படிவளையத்தில் மரத்தை முழுசாகச் சுற்றி வரலாம், மானுக்கும் நமக்கும் நடுவில் மரத்தையே மறைப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் காலின் நடுப்பகுதியை மட்டும் தாங்குவதால் சில மணி நேரத்தில் உள்ளங்கால் எரியும். நான் பிளாட்ஃபார்ம் பக்கம். சாய்ந்தபடி ஒரு நேரம், முட்டியை மரத்தில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபடி ஒரு நேரம் என்று மாற்றிக்கொள்ள அதில்தான் வசதி. பொருத்தும்போது ஓரத்தில் மிதித்து, அது மரத்தில் பல் பதிந்து இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். வழவழப்பான பட்டையுள்ள பீச் மரத்தில், அதுவும் உறைபனிக் காலையில், இரண்டு முறை பார்.

வலதுகைக்காரருக்கு மரத்தைப் பார்த்து நின்றால் இடது பக்கம் அம்பு எய்வது சுலபம், வலது பக்கம்தான் கஷ்டம். உடம்பைத் திருப்பி, வில்லை டெதரைத் தாண்டி எடுக்க வேண்டும். அதனால் மான் வரும் தடம் இடது பக்கம் விழும்படி பிளாட்ஃபார்மை மாட்டு. சாய்ந்த மரமென்றால், வானத்தைப் பார்க்கும் அதன் முதுகுப் பக்கம் நில்.

இடுப்பை நெரிக்கிறது என்று சாடிலை விற்றுவிடுகிறவர்கள் நிறைய. விற்கும் முன் பிரிட்ஜைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கட்டும். பிரிட்ஜ் குட்டையாக இருந்தால் இரண்டு பக்க வளையமும் உள்நோக்கி இழுக்கப்பட்டு இடுப்பெலும்பை அழுத்தும். நீட்டினால் அந்த இழுப்பு தளரும். டெதரின் உயரத்தையும் ஒரு சாண் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சாடிலில் குறை இருக்காது.

என்னிடம் கேட்டால்: முதல் வருடம் மூன்று அல்லது நான்கு ஸ்டிக், நடுத்தர பிளாட்ஃபார்ம், இறங்க மட்டும் ராப்பெல் கயிறு. ஏறுவதில் ஸ்டிக்கின் நிதானமும் இறங்குவதில் கயிற்றின் பத்திரமும் சேர்ந்து கிடைக்கும். மேலே போனதும் ராப்பெல் கயிற்றைக் கட்டிவிட்டு, ஸ்டிக்குகளை இறங்கும் வழியில் கயிற்றில் தொங்கியபடியே கழற்றிக்கொண்டு வரலாம். கை பழகி, நடை தூரமும் கூடினால் ஒற்றை ஸ்டிக்குக்கு மாறலாம். சொந்த நிலத்தில், தெரிந்த மரத்தில் திரும்பத் திரும்ப ஏறுகிறவர் ஒற்றைக் கயிற்று முறையைத் தயங்காமல் கற்றுக்கொள்ளலாம்.

எந்த முறையானாலும் ஆஷ் மரத்தில் ஏறும் முன் அது உயிரோடு இருக்கிறதா என்று பார். மரகத நிற ஆஷ் துளைப்பான் வண்டு 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் எத்தனையோ காடுகளில் ஆஷ் மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன. பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும் சுலபமாக முறியும் கட்டை அது, கயிறு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காப்பாற்றாது.

டெதரில் தொய்வு விடாதே. இந்தக் கயிறுகள் அதிகம் இழுபடாது, இரண்டடி விழுந்தாலே முதுகு அதிரும். சட்டைப்பையில் ஒரு நாடா கால்வளையமும் புருசிக் கயிறும் எப்போதும் இருக்கட்டும். பிளாட்ஃபார்ம் நழுவி வெறும் சாடிலில் தொங்க நேர்ந்தால், புருசிக்கை டெதரில் போட்டு, அதில் கால்வளையத்தைக் கோத்து, அதில் ஏறி நின்று சாடிலில் விழும் பாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கால் ஊன்ற இடமில்லாமல் அசையாமல் வெகுநேரம் தொங்கினால் மயக்கம் வரலாம். அதற்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை இது. முதலில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பகலில், கண்ணை மூடிக்கொண்டு செய்ய வருகிறதா என்று பார்.