வட்டப் பின்னலா, தட்டைப் பின்னலா? அழுத்தக் காலுறை வாங்குமுன்

கொழும்பில் வோட் பிளேஸிலோ வெள்ளவத்தையிலோ பாமசிக்குப் போய், கால் வீக்கத்துக்கு இறுக்கிப் போடும் அழுத்தக் காலுறை கேட்பவர்கள் பெட்டியில் 'கிளாஸ் 2' என்று இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த எண் மட்டும் போதாது. ஜேர்மனிய ரால் தரத்தில் கிளாஸ் 2 என்றால் கணுக்காலில் 23–32 மி.மீ. இரசம் (இரத்த அழுத்தம் அளக்கும் அதே அலகு). பிரித்தானியத் தரத்தில் அதே கிளாஸ் 2 வெறும் 18–24. மி.மீ. அளவைக் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: துணி எப்படிப் பின்னப்பட்டது?

துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துப் பார்த்தால், கண்ணிகளுக்கு நடுவே காலைச் சுற்றி ஓடும் ஒரு தடித்த நூல் தெரியும். இலாஸ்டேன் அல்லது இறப்பர் இழையின் மேல் நைலோன் சுற்றிய ஊடுநூல் அது. அழுத்தத்தில் பெரும்பங்கு அதனுடையது. நூலின் இழுவையைக் காலின் ஆரையால் வகுத்தால் வருவதே அழுத்தம். இழுவை எங்கும் ஒன்றாக இருந்தால், 22 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கணுக்காலில் விழும் அழுத்தத்தில் 61 சதவீதம்தான் 36 சென்ரிமீற்றர் கெண்டைக்காலில் விழும். கூரான முன்னெலும்பில் ஆரை சிறியது, அதனால் அங்கே அழுத்தம் கூடி தோல் சிவக்கிறது. கணு எலும்புக்குப் பின்னுள்ள பள்ளத்தில் துணி தொடுவதேயில்லை. அங்கே பஞ்சுத் திண்டு வைக்க வேண்டும்.

வட்டப் பின்னலில் மேலிருந்து கீழ்வரை ஊசிகளின் எண்ணிக்கை மாறாது. கண்ணியைச் சிறிதாக்கியும் ஊடுநூலை இறுக்கியும்தான் காலின் வடிவம் கொண்டுவரப்படுகிறது. தையல் இல்லை, மெல்லியது, சப்பாத்துக்குள் அடங்கும். புறக்கோட்டைக் கடையில் நாள் முழுக்க நிற்பவருக்கு, நாளப்புடைப்பு (காலில் நாளங்கள் புடைத்து நெளிவது) இருந்து வீக்கம் குறைவென்றால், இதுவே போதும். ஆனால் இது இலகுவாக நீளும் துணி. கால் வீங்கினால் துணியும் கூடவே விரிந்து கொடுக்கும். தோல் மடிப்புள்ள காலில் மடிப்புக்குள் இறங்கிச் சுருண்டு, கயிறாகி வெட்டும்.

தட்டைப் பின்னலில் வரிசைக்கு வரிசை ஊசியைக் கூட்டிக் குறைக்கிறார்கள். பின்பக்கம் ஒரு தையல் இருக்கும், கடையிலேயே அதை வைத்து அடையாளம் காணலாம். ஊடுநூல் தடிமன், துணி விறைப்பு. எழுந்து நடக்கும்போது கெண்டைத்தசை புடைக்கும், துணி விட்டுக்கொடுக்காது, அழுத்தம் சட்டென ஏறும். படுத்திருக்கும்போதும் நிற்கும்போதும் உள்ள அழுத்த வேறுபாடு 10 மி.மீ.க்கு மேல் போனால் அது விறைப்பான துணி. நிணநீர் வடியாமல் தேங்கி வரும் வீக்கத்துக்கு இந்த விறைப்புத்தான் வேண்டும். யானைக்கால் வீக்கமும் அந்த வகைதான். யானைக்கால் நோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிக்கப்பட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் உறுதிப்படுத்தியது. ஏற்கெனவே வீங்கிய கால்கள் அதனால் வற்றிவிடவில்லை. மேல் மாகாணக் கரையோரத்தில் இன்றும் அப்படி வாழ்பவர்களுக்கு மெல்லிய வட்டப் பின்னலைக் கொடுத்து அனுப்புவது பெரிய அநியாயம். தட்டைப் பின்னலில் குறையும் உண்டு: அளவெடுத்துச் செய்ய வேண்டும், விலை கூட, கொழும்பு வெக்கைக்குப் புழுக்கம். பண்டேஜ் கட்டி வீக்கத்தை வற்ற வைத்த பிறகே அளவெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கிழமையில் தொளதொளத்துவிடும்.

எதை வாங்கினாலும் அளவு காலையில், எழுந்தவுடன்: கணுக்கு மேல் மிக ஒடுங்கிய இடம், கெண்டையின் மிகப் பருத்த இடம், முழங்காலுக்குக் கீழ். நீரிழிவு உள்ளவர்களும் நடக்கும்போது கால் வலிப்பவர்களும் பாத நாடியை மருத்துவரிடம் காட்டாமல் போடவே கூடாது.

நீளம் மிஞ்சினால் மேல்விளிம்பை மடித்து விடுவார்கள். இரண்டு படை துணி, அந்த இடத்தில் ஏறக்குறைய இரட்டை அழுத்தம். அது கணுக்காலை விட முழங்காலடியில் கூடுதலாக நெரித்து, மேலே ஏற வேண்டிய இரத்தத்தைத் தடுக்கும். மடிக்காதீர்கள், குட்டையான அளவுக்கு மாற்றுங்கள். நல்லெண்ணெய் தடவுவதை இரவுக்கு வையுங்கள், எண்ணெய் இறப்பர் இழையைக் கெடுக்கும். கையால் அலசி, முறுக்காமல், நிழலில் காயப்போடுங்கள். இரண்டு சோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டாலும், ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்திருக்கும்.